இந்தியப் புற்றுநோய் அறுவை ஆய்வுகளின் பன்னாட்டுக் கவனத்தை அளப்பதில் உதவி தேவை

வணக்கம். சேலத்தில் அறுவை சிகிச்சை முதுநிலைப் படிப்புக்காக ஆய்வேடு எழுதுகிறேன். புற்றுநோய் அறுவை சிகிச்சை குறித்து 2000 முதல் 2020 வரை இந்தியாவிலிருந்து வெளிவந்த கட்டுரைகள் வெளிநாடுகளில் எந்த அளவுக்குக் கவனம் பெற்றன என்பதை அளக்க வேண்டும். தரவைத் திரட்டும் கட்டத்திலேயே நின்றுவிட்டேன்.

மருத்துவக் கட்டுரைகளின் இணையத் தரவுத்தளமான பப்மெடில் புற்றுநோய் என்ற பொருள்தலைப்புடன் அறுவை சிகிச்சை என்ற துணைத்தலைப்பையும், ஆசிரியர் முகவரியில் இந்தியா என்பதையும் சேர்த்துத் தேடினேன். 2013 வரை அங்கே முதல் ஆசிரியரின் முகவரி மட்டுமே பதிவானது. மற்ற ஆசிரியர்களின் முகவரிகள் 2014 முதல்தான் இடம்பெறுகின்றன. ஆகவே அதன்பின் தெரியும் ஏற்றத்தில் எவ்வளவு ஆய்வின் வளர்ச்சி, எவ்வளவு பதிவுமுறை மாற்றத்தின் விளைவு என்று பிரிக்க இயலவில்லை. முதல் ஆசிரியரை மட்டும் எண்ணிப் பார்த்தேன். தொடர்ச்சி கிடைத்தது, ஆனால் வெளிநாட்டவர் தலைமையில் நடந்து, நம் மருத்துவமனைகளும் பங்கேற்ற கூட்டாய்வுகள் விடுபட்டன. பன்னாட்டுக் கவனத்தைப் பொறுத்தவரை அவற்றை விட்டுவிடுவது பெரும் பிழை என்பது என் உறுதியான கருத்து. மேலும், இந்தியர்களே இந்தியக் கட்டுரைகளை மேற்கோள் காட்டுவதைத் தனியே கழிக்கவும் வேண்டும். மேற்கோள் விவரங்களைத் தரும் கட்டணத் தரவுத்தளமான ஸ்கோபஸின் சந்தா எனக்கு எட்டாதது.

கட்டுரைகள், ஆசிரியர்கள், மேற்கோள்கள் ஆகியவற்றைத் தொகுக்கும் ஓபன்அலெக்ஸ் தளத்தின் கட்டணமில்லாத தரவைக் கொண்டு, 2014-க்கு முந்தைய இணை ஆசிரியர்களின் நாட்டையும் மேற்கோள் காட்டியவர்களின் நாட்டையும் நம்பகமாகப் பிரித்தெடுத்தவர்கள், அதை எந்த முறையில் செய்தீர்கள்?