4.20 வைத்தால் 3.68 காட்டுகிறது: பவர் சப்ளையில் 18650 செல்

அரைவோல்ட்:
பழைய மடிக்கணினி பேட்டரியைப் பிரித்து ஆறு 18650 செல்கள் (உருளை வடிவ லித்தியம்-அயான் செல்) எடுத்தேன், ஒவ்வொன்றும் 2600 மில்லி ஆம்பியர் மணி. சார்ஜர் இல்லை, 30 வோல்ட், 5 ஆம்பியர் பவர் சப்ளை இருக்கிறது. வோல்டேஜ் 4.20 (செல் முழுதாக நிறையும் அளவு), கரன்ட் வரம்பு 1.3 ஆம்பியர் என வைத்து ஒரு செல்லை இணைத்ததும் திரை 3.68க்கு இறங்கிவிட்டது. பயந்து கழற்றிவிட்டேன். கருவியில் கோளாறா? இன்னொன்று, ஐந்து செல்கள் 3.5 வோல்ட்டை ஒட்டி இருக்கின்றன. ஆறாவது மட்டும் 1.1. அதையும் ஏற்றலாமா?

ஈயப்புகை:
கோளாறே இல்லை. கரன்ட் வரம்பைத் தொட்டதும் சப்ளை தன் வோல்டேஜைச் செல்லின் அளவுக்கு இறக்கிக்கொள்ளும். செல் நிறைய நிறைய எண் மெல்ல ஏறி 4.20இல் நிற்கும்; அதன்பின் கரன்ட் குறையும். 130 மில்லி ஆம்பியர் வந்ததும் நீங்களே கழற்ற வேண்டும். சார்ஜர் தானாக நிறுத்தும், இது நிறுத்தாது. போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

திரையை நம்பாதீர்கள். என் சப்ளை 4.20 என்று சொன்னபோது மல்டிமீட்டர் 4.27 என்றது. 0.05க்கு மேல் பிசகக் கூடாது. செல்லை இணைக்கும் முன்பே மீட்டர் வைத்து வோல்டேஜைத் திருத்துங்கள். அப்போதே, செல் இல்லாமல், சப்ளையின் இரண்டு கம்பிகளையும் சேர்த்துப் பிடித்துக் கரன்ட் வரம்பை வையுங்கள்.

ஒருமுறை என் சட்டைக் கை வோல்டேஜ் குமிழில் உரசியிருக்கிறது. நான் கவனிக்கவில்லை. அரை மணி கழித்துப் பார்த்தால் 4.6, செல்லைத் தொட முடியாத சூடு. மணல் வாளியில் போட்டு வெளியே கொண்டுபோய் வைத்தேன். அன்றிலிருந்து குமிழை அமைத்ததும் மேலே டேப் ஒட்டிவிடுவேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும்.

1.1 வோல்ட் செல்லை விட்டுவிடுங்கள். அவ்வளவு வடிந்து நாள்பட்டுக் கிடந்தால் உள்ளே தாமிரத் தகடு கரையும். ஏற்றும்போது அந்தத் தாமிரம் கண்ட இடத்தில் படிந்து ஷார்ட் ஆகலாம்.

கறுப்புமுனை:
எனக்குப் பயம் முனை மாறுவதில்தான். பல சப்ளைகளில் அவுட்புட்டுக்குக் குறுக்கே ஒரு டயோடு (கரன்ட்டை ஒரே திசையில் விடும் பாகம்) இருக்கும். செல்லைத் தலைகீழாகக் கொடுத்தால் அதன் கரன்ட் முழுவதும் அந்த வழியே பாயும். நீங்கள் வைத்த வரம்பு அங்கே செல்லாது. இடையில் 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போடுங்கள். நடுவே மின்சாரம் போனாலும் செல் சப்ளைக்குள் வடியும், உடனே கழற்றுங்கள். அதைத் தடுக்கத் தொடரில் டயோடு சேர்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அது விழுங்கும் வோல்டேஜ் கரன்ட்டைப் பொறுத்து மாறும், பிறகு 4.20க்கு அர்த்தமே இல்லை.

ஈயப்புகை:
ஃபியூஸை எழுத மறந்துவிட்டேன். சரியாகச் சொன்னார்.

அரைவோல்ட்:
ஃபியூஸ் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். சப்ளை முனையில் 4.20, செல்லின் முனையில் 4.03தான். கம்பி மெலிது. ஈடுகட்ட 4.37 ஆக உயர்த்தட்டுமா?

ஈயப்புகை:
கூடவே கூடாது! கரன்ட் குறையக் குறைய கம்பியில் விழும் வோல்டேஜும் குறைந்துவிடும். அப்போது அந்த 4.37 அப்படியே செல்லுக்குப் போய்ச் சேரும். கொஞ்சம் நேரம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

அரைவோல்ட்:
மூன்றே கால் மணி நேரத்தில் 130 வந்தது, கழற்றினேன். ஒரு மணி கழித்து 4.17 இருக்கிறது, தொட்டால் சூடே இல்லை. 1.1 செல்லின் இரு முனைகளிலும் டேப் ஒட்டி, மறுசுழற்சிக்குக் கொடுக்கத் தனியே வைத்துவிட்டேன்.