கடலோரத்தில் வாசித்த தூவே யான்சன்: திருகோணமலை வாசகர்களின் அனுபவப் பகிர்வு

நிலாவெளிக்காரி எழுதியது:

மூமின் என்னும் கற்பனை உயிர்களின் குடும்பத்தைப் பற்றிச் சிறுவர் கதைகளை எழுதி, அவற்றுக்குத் தாமே படமும் வரைந்த பின்லாந்துப் பெண் எழுத்தாளர் தூவே யான்சனை இங்கே பலருக்கும் தெரியும் என்பதால் நேரே விடயத்துக்கு வருகிறேன். பின்லாந்து வளைகுடாவில் க்ளோவ்ஹாரு என்னும் மொட்டைப் பாறைத் தீவில், நாற்புறமும் ஒவ்வொரு சாளரம் வைத்த ஓரறை வீட்டில், 1960களின் நடுப்பகுதி தொடங்கி ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் கோடைகளை அவர் கழித்தார். அங்கே குழாய்த் தண்ணீரும் இல்லை, கரையிலிருந்து வரும் மின்கம்பியும் இல்லை. அந்தத் தீவைப் பற்றி அவர் முதுமையில் எழுதிய குறிப்புகளை ஆங்கிலத்தில் வாசித்து வந்த நான், இறுதிப் பகுதியில் ஓரிடத்தைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டேன். கடைசிக் கோடையில் தமக்குக் கடலைக் கண்டு அச்சம் வந்துவிட்டது என்றும், முன்பு சாகசமாகத் தெரிந்த பெரிய அலை இப்போது வெறும் கவலையாகிவிட்டது என்றும், அது தாமே செய்த துரோகம் போலப் பட்டது என்றும் அவர் அங்கே எழுதுகிறார்.

எங்கள் அப்பா கரைவலை இழுத்தவர். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டின் முன்கதவு கிழக்கே, கடலைப் பார்த்து இருந்தது. அவர் ஒரு மேசனைக் கூட்டி வந்து அந்தக் கதவைக் கல் வைத்து அடைத்துவிட்டு, மேற்கே சமையலறைப் பக்கமாக வாசல் திறந்தார். மேசன் போன பிறகும் ஈரச் சீமெந்தின் மேல் உள்ளங்கையால் தடவித் தடவி, கதவு இருந்த தடமே தெரியாதவாறு சமப்படுத்திக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் காரணம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த நூல் என் கைக்கு வந்தபோது அவர் உயிருடன் இல்லை. அப்பக்கத்தை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்ற கேள்வி மட்டும் என்னை விடுவதாக இல்லை.

இறக்கக்கண்டிப் படகுக்காரர் எழுதியது:

தங்கச்சி, உங்கள் அப்பாவை நினைக்க மனம் கனக்கிறது. ஆயினும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம் என்று சொல்லத்தான் வேண்டும். யான்சன் 1914இல் பிறந்தவர். தீவை விட்டு வெளியேறியபோது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். காற்று எழும்பினால் படகைப் பாறையில் மோதவிடாமல் காப்பது யார் என்ற கவலை அவருடையது. அது உடம்பு தளர்வதால் வரும் அச்சம். நாங்கள் ஒரே காலையில் கண்ணால் கண்டது வேறு. அதற்குப் பிறகும் மறு ஆண்டே தொழிலுக்குப் போனவர்கள் எங்கள் கரையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அச்சம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன், சோறு வேண்டியிருந்தது.

யான்சனை எனக்கு அறிமுகப்படுத்தியவர் புறாமலைத் தீவுக்கு என் படகில் வந்த ஒரு பின்லாந்துப் பெண். அலையில் படகு ஆடும்போது பென்சிலை அழுத்தாமல் தாளின் மேல் மெதுவாகப் பிடித்துக்கொண்டு, ஆட்டத்தையே கோடாக விழவிட்டார். இந்தத் தீவில் ஏன் ஒருவரும் குடிசை போடவில்லை என்று என்னிடம் கேட்டார். 2003இலிருந்து இது தேசியப் பூங்கா, இரவில் தங்கவே விடமாட்டார்கள் என்றேன். அப்போதுதான் சிரித்துக்கொண்டு க்ளோவ்ஹாருக் கதையைச் சொன்னார். கட்டட அனுமதி வந்து சேருமுன்பே, கடலைத் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் தந்த துணிவில், பெரும் பாறையை வெடிவைத்துத் தகர்த்து யான்சன் வேலையைத் தொடங்கிவிட்டாராம். எங்களில் ஒருவர் அப்படிச் செய்தால் மறுநாளே வழக்கு.

எனக்கு இன்றும் விளங்காதது வேறொன்று. நிறமுள்ள மீன்களையும் உயிருள்ள பவளத்தையும் காட்டத்தான் நான் அவரைக் கூட்டிச் சென்றேன். அவரோ அவற்றைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, கரையில் வெளுத்துச் செத்துக் கிடந்த பவளத் துண்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்து, அவற்றைத்தான் நெடுநேரம் வரைந்தார்.

சம்பூர் ஆசிரியர் எழுதியது:

தீவையும் படகையும் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள். யான்சனின் முதல் மூமின் கதை அலைந்து திரிபவர்களின் கதை என்பதை ஒருவரும் சொல்லவில்லை. 1939இல் சோவியத் படைகள் பின்லாந்துக்குள் புகுந்த குளிர்காலத்தில் அவர் எழுதத் தொடங்கி, 1945இல் வெளிவந்த கதை அது. காணாமற்போன தந்தையைத் தேடித் தாயும் மகனும் இருண்ட காட்டு வழியே நடக்கிறார்கள். வெள்ளம் எல்லாவற்றையும் மூடுகிறது. குளிர் வருமுன் ஒரு வீடு வேண்டும். வேறு விளக்கம் எதுவும் எங்கள் பிள்ளைகளுக்குத் தேவைப்படவில்லை. 2006இல் போரால் சம்பூரிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் பல ஆண்டுகள் கிளிவெட்டி முகாமில் இருந்தன. 2012இல் லண்டனில் வெளிவந்த ஆங்கிலப் பதிப்பின் சில பக்கங்களை ஒருவர் போட்டோப் பிரதி எடுத்துத் தந்திருந்தார், மாலை வகுப்பில் அவற்றைத் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

மூமின் அம்மா எங்கே போனாலும் கைப்பையை விடமாட்டார் அல்லவா? அந்தப் படத்தைக் காட்டியபோது ஒரு பையன் எழுந்து, "சேர், அதுக்குள்ள கூப்பன் மட்டை இருக்கா?" என்று கேட்டான். நிவாரணப் பொருள் வாங்கும் அட்டையைத்தான் கேட்டான். இருக்கும் என்றேன். படத்தில் தெரியவில்லையே என்றான். பிறகு என் பென்சிலை வாங்கி, கைப்பையின் வாயிலிருந்து சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு சிறிய மட்டையை வரைந்து, அதன் மேல் தன் குடும்பத்து இலக்கத்தையும் எழுதிவிட்டுப் போய் உட்கார்ந்தான். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. மக்கள் 2015இல் ஊர் திரும்பத் தொடங்கிய பிறகு அவனைக் கண்டு கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அவனுடைய குடும்பம் வேறு எங்கோ போய்விட்டது.

சித்திரம் கற்பிப்பவர், திருகோணமலை நகர் எழுதியது:

என் கதை சிறியது. ஒஸ்லோவில் இருக்கும் சித்தி கொண்டுவந்த தேநீர்க் கோப்பையில்தான் மூமினை முதலில் கண்டேன். நீர்யானைக் குட்டி என்று நினைத்தேன். பிறகு 1957இல் வந்த குளிர்காலக் கதையின் படங்களைப் பார்த்தேன். கருமை பூசிய அட்டையைச் சுரண்டி வெள்ளையை வெளியே கொண்டுவரும் முறையில் வரைந்தவை அவை. வெயிலை மட்டுமே கண்ட நான் அந்த இருட்டை எப்படிக் கற்பிப்பது என்று திகைத்திருக்க, ஒரு மாணவி மெழுகுதிரி தேய்த்த அட்டையில் இந்தியன் இங்க் பூசி, தேய்ந்த கொம்பாஸ் முனையால் கோட்டையடிப் புள்ளிமானைச் சுரண்டிக்கொண்டு வந்தாள். மானின் கண்ணை மட்டும் அவள் சுரண்டவே இல்லை. அது கறுப்பாகவே நின்று என்னைப் பார்த்தது.

இதை வாசிக்கும் இளையவர்கள் யான்சனைப் போலக் கடலோரத்தில் இருந்து வரையப் போவதாக எண்ணினால், சில விடயங்களை முதலே தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் ஊரின் உப்புக் காற்றும் ஈரமும் தாளுக்கு எமன். வாடைக்காற்றுத் தொடங்கிவிட்டால் தாள் ஈரத்தை உறிஞ்சி நெளியும். மாரி முடியுமுன் பழுப்புப் புள்ளி விழும், பிறகு பூஞ்சை. ஆகவே தாளைச் சுவரோடு ஒட்டிய அலுமாரியில் வைக்காதீர்கள்; மூடி இறுக்கமாக உள்ள பிஸ்கட் தகரத்திலோ பிளாஸ்ரிக் பெட்டியிலோ, மருந்துப் போத்தல்களில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து அதற்குள் வையுங்கள். வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து வைத்தாலும் ஓரளவு பயன் உண்டு, ஆனால் மாதமொரு முறை மாற்றாவிட்டால் வண்டு வரும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இதற்கு நேரெதிரான தொல்லை: மை தாளைத் தொடுமுன் பேனா முனையிலேயே காய்ந்துவிடும், மணல் பறந்து ஈர மையில் ஒட்டிக்கொள்ளும். அக்காலத்தில் விடியற்காலையில் வரைந்துவிட்டு, வெயில் ஏறுமுன் எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். உலோக முனைகளை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள், மறுமுறை பாவிக்குமுன் எண்ணெயை முழுதாகத் துடைத்தெடுங்கள், இல்லையேல் மை பிடிக்காது. முடிந்த படத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் இடும்போது கண்ணாடி தாளைத் தொடாதவாறு இடையில் அட்டை விளிம்பு கொடுங்கள். வரைய ஆசைப்படுபவர் பலர். ஐந்து ஆண்டுக்குப் பிறகும் படம் எஞ்சியிருப்பது இவற்றைச் செய்தவர்களிடம்தான்.

குச்சவெளிக் குடிசைக்காரர் எழுதியது:

டீச்சர், அறிவுரை நல்லது. தாள் வாங்கக் காசு எங்கிருந்து வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். யான்சன் எல்லாவற்றையும் துறந்து தீவுக்குப் போனார் என்ற எண்ணத்தில்தான் நான் வேலையை விட்டு, பனங்காணியில் கிடுகுக் கொட்டில் போட்டு, களப்புக்கு வரும் பறவைகளை வரைந்து நூலாக்கப் புறப்பட்டேன். அவருடைய வாழ்க்கையை ஒழுங்காக வாசித்தது அதற்குப் பிறகுதான். 1954இல் லண்டன் மாலை நாளிதழ் ஒன்றுக்கு ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் மூமின் படத்தொடர் தொடங்கினார், வாரத்துக்கு ஆறு. அதில் களைத்துப் போய் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் தம்பி லார்ஸிடம் ஒப்படைத்தார். தீவு வீடு அதற்கும் பிறகு. குளிர்காலத்துக்கு ஹெல்சிங்கியில் உயரமான சாளரங்கள் கொண்ட கலைக்கூடம் வேறு இருந்தது. பிழையென்று சொல்லவில்லை. அதிகாரத்துக்கு அஞ்சாதவர் அவர். 1938இலேயே ஹிட்லரை அழுது அடம்பிடிக்கும் குழந்தையாகக் கேலிச்சித்திரம் வரைந்தவர். ஆனால் சுதந்திரத்துக்கு அவர் முன்கூட்டியே உழைத்துப் பணம் கட்டியிருந்தார், நான் கட்டவில்லை.

அச்சகக்காரர் சொன்ன விலையைக் கேட்ட பிறகு, உப்புவெளிப் பக்கம் ஒரு விடுதியின் மதிலில் திமிங்கிலம் வரையும் வேலையை ஏற்றேன். கடலில் பார்த்தவாறே, சதுர மண்டையும் கீழே ஒடுங்கிய தாடையுமாக விந்துத் திமிங்கிலத்தை வரைந்தேன். முதலாளி வந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்குக் கொஞ்சம் சிரிப்பு வையும்" என்றார். வைத்தேன். பிள்ளைகள் அதனருகே நின்று படம் எடுப்பதைப் பேருந்திலிருந்து காணும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

பெயர் போட விரும்பாதவர் எழுதியது:

மேலே இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், ஒருவர்கூடத் தூலிக்கி பியெத்திலாவின் பெயரைச் சொல்லவில்லை. ஓவிய அச்சுக் கலைஞரான அவர் 1950களின் நடுப்பகுதியிலிருந்து யான்சன் 2001இல் இறக்கும்வரை அவருடைய வாழ்க்கைத் துணையாக இருந்தார். தீவு இருவருடையது. நிலாவெளிக்காரி அக்கா வாசித்த அந்த நூலுக்குப் படங்கள் செய்தவரும் அவரே. சித்திர டீச்சர் சொன்ன குளிர்காலக் கதையில், உறைந்த கடலோரக் குளிப்பு வீட்டில் இருந்துகொண்டு, பனியில் எப்படி வாழ்வது என்று மூமினுக்குக் கற்பிக்கும் தூத்திக்கி அவரை வைத்து உருவாக்கப்பட்ட பாத்திரம். பின்லாந்தில் இரு பெண்களுக்கிடையிலான இத்தகைய உறவு 1971வரை குற்றமாக இருந்தது. எங்கள் நாட்டில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் பிரிவு இன்னும் ஏட்டில் கிடக்கிறது.

எங்கள் ஊர் மண்டபம் ஒன்றில் சிறுவர் நூல்கள் பற்றிய கூட்டத்தில் யான்சனைப் பற்றியும் பேசினார்கள். திரையில் படகொன்றில் இரு முதிய பெண்கள் சிரித்துக்கொண்டு இருக்கும் படம் வந்தது. பேச்சாளர் ஒரு கணம் தயங்கி, "இது தேவையில்லை" என்று அடுத்த படத்துக்குப் போனார். என் பக்கத்தில் இருந்த சிநேகிதி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து, கதிரைகளை இடித்துக்கொண்டு, எல்லாரும் திரும்பிப் பார்க்க வெளியே போனாள். பின்னால் போகாமல் கூட்டம் முடியும்வரை நான் இருந்தேன். குச்சவெளி அண்ணா, யான்சன் தீவுக்குப் பணம் கட்டிய கதை சரிதான். ஆனால் இதையும் அந்தக் கணக்கில் சேருங்கள். படகுக்கார அண்ணாவும் அந்தப் பின்லாந்துப் பெண்ணிடம் இனி ஒருமுறை பேசக் கிடைத்தால், அனுமதி வருமுன் பாறையை வெடிவைத்தபோது அங்கே எத்தனை பேர் நின்றார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.