பவர்ஷெல்லை டெபியனின் மெயினுக்குள் கொண்டுபோகலாமா?

செக்காலை_லேப்:
காரைக்குடியில் ஒரு கல்லூரி லேபைப் பார்த்துக்கொள்கிறேன். 40 கணினி, எல்லாம் டெபியன் 12 (லினக்ஸ் வகைகளில் ஒன்று). மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பருவத்தில் பவர்ஷெல் (கட்டளை அடித்துக் கணினியை இயக்க உதவும் மைக்ரோசாஃப்டின் ஷெல்) சொல்லித்தருகிறேன். படித்து முடித்துச் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் போகிறவர்கள், விண்டோஸ் சர்வரும் லினக்ஸும் கலந்து கிடக்கிற இடத்தில்தான் போய் உட்காருகிறார்கள். ஒரே ஸ்கிரிப்டை இரண்டிலும் ஓட்டத் தெரிந்தால் அது அவர்களுக்குச் சோறு போடும்.

இப்போதைக்கு மைக்ரோசாஃப்ட் வெளியிடும் டெப் கோப்பை, அதாவது டெபியனில் நிறுவ ஆயத்தமான பேக்கேஜைப் போடுகிறேன். ஏறக்குறைய 70 எம்பி. பவர்ஷெல் ஓடத் தேவையான டாட்நெட் ரன்டைம் முழுவதும் அதற்குள்ளேயே அடைபட்டு வருகிறது. 40 கணினிக்கும் தனித்தனியாக இறக்கியதில் எங்கள் இணைய லைனில் ஒரு மதியம் முழுக்கப் போனது.

பவர்ஷெல் 2016 ஆகஸ்டிலேயே எம்ஐடி என்ற கட்டற்ற உரிமத்தில் திறந்துவிடப்பட்டது. அப்படியிருக்க டெபியனில் ஏபிடி என்ற நிறுவும் கட்டளையைப் போட்டால் ஏன் வரக்கூடாது? அந்த டெப்பைப் பிரித்து, கோப்புகளை டெபியன் முறைப்படி அடுக்கி, கண்ட்ரோல், ரூல்ஸ், காப்பிரைட் என்ற பேக்கேஜ் கோப்புகளெல்லாம் எழுதி, டெபியன் களஞ்சியத்தின் முதன்மைப் பகுதியான மெயினுக்கு அனுப்பலாம் என்று பாதி வேலை முடித்துவிட்டேன். கூட வருகிறவர்கள் யார்?

தேவகோட்டை_ரஸ்தா:
தம்பி, ஆசை நல்லது. ஆனால் நீ கட்டியிருப்பது பேக்கேஜ் இல்லை. யாரோ கட்டிய பெட்டிக்கு நம் ஊர்ச் சீட்டு ஒட்டியிருக்கிறாய். மெயினில் இருக்கிற ஒவ்வொன்றும் மூலநிரலிலிருந்து, மெயினில் உள்ள கருவிகளை மட்டும் வைத்து, கட்டப்பட வேண்டும். கட்டும்போது இணையத்தைத் தொடக்கூடாது என்று டெபியன் கொள்கை ஆவணத்தின் 4.9ஆம் பிரிவே சொல்கிறது. பவர்ஷெல்லை மூலத்திலிருந்து கட்டிப் பார். முதல் நிமிடத்திலேயே நியூகெட் என்ற இணையக் களஞ்சியத்திலிருந்து இழுக்க ஆரம்பிக்கும். பிஎஸ்ரீட்லைன் மாதிரித் துணைத் தொகுதிகள் பவர்ஷெல் கேலரியிலிருந்து ஆயத்தமாக வந்து இறங்கும். அதற்கெல்லாம் அடியில் டாட்நெட் வேண்டும். அது டெபியனில் இல்லை. உரிமம் கட்டற்றது என்பது வேறு, நம்மால் கட்ட முடிகிறது என்பது வேறு.

பள்ளத்தூர்_ஆச்சி:
கட்ட முடியுமா என்பது இருக்கட்டும், இதனால் யாருக்கு என்ன பயன் என்பதையும் பேசுங்கள். பள்ளத்தூரில் வீட்டிலிருந்தபடியே சர்வர் நிர்வாக வேலை பார்க்கிறேன். மாணவர் பட்டியல் ஒன்று சிஎஸ்வி கோப்பாக (கமாவால் கட்டம் பிரித்த அட்டவணையாக) வந்தது. முகவரிக் கட்டத்தில் "12, முத்துப்பட்டணம் 3ஆம் வீதி" என்று மேற்கோளுக்குள் கமா. லினக்ஸின் வழக்கமான ஷெல்லான பாஷில் எழுதிய பழைய ஸ்கிரிப்ட் கமாவை வைத்து வெட்டுகிறது. வீட்டு எண் ஒரு கட்டத்திலும் வீதி அடுத்த கட்டத்திலும் போய், அதற்கப்புறம் வந்த தொலைபேசி எண், கட்டணம் எல்லாம் ஒரு கட்டம் தள்ளி விழுந்தன. கட்டணத் தொகை இருக்க வேண்டிய இடத்தில் தொலைபேசி எண்ணைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பவர்ஷெல்லின் இம்போர்ட்-சிஎஸ்வி அதே கோப்பை ஒழுங்காகப் படித்தது. அது வரிகளைக் கை மாற்றுவதில்லை. பண்புகளோடு கூடிய பொருள்களைக் கை மாற்றுகிறது. இது சின்ன விஷயமில்லை.

தேவகோட்டை_ரஸ்தா:
ஆச்சி, அந்த வேலையைப் பைத்தானின் சிஎஸ்வி தொகுதியும் செய்யும். அது டெபியனில் ஏற்கெனவே இருக்கிறது. பவர்ஷெல் மோசம் என்று நான் சொல்லவே இல்லை. நான் பேசுவது மெயின் என்ற பெயருக்கு இருக்கிற அர்த்தத்தைப் பற்றி.

செக்காலை_லேப்:
அண்ணே, அப்படியானால் களஞ்சியத்தின் காண்ட்ரிப் என்ற பகுதியில் போடலாமே? மெயினுக்கு வெளியே இருக்கிற ஒன்றை நம்பியிருக்கும் கட்டற்ற மென்பொருளுக்குத்தானே அந்த இடம்?

தேவகோட்டை_ரஸ்தா:
அங்கேயும் மூலம் மூலமாக வர வேண்டும். ஆயத்த டிஎல்எல் (கட்டி முடித்த நூலக) கோப்புகளை மூட்டை கட்டி அதற்கு மூலப் பேக்கேஜ் என்று பெயர் வைக்க முடியாது. நாளைக்கு ஒரு பாதுகாப்பு ஓட்டை வந்தால் எந்த வரியைத் திருத்துவாய்? வெளியே யாராவது புதுப் பெட்டி அனுப்பும்வரை காத்திருப்பாய். அந்தக் காத்திருப்பைப் பயனருக்குத் தரக்கூடாது என்பதற்குத்தான் இத்தனை விதியும்.

2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலுக்குள் விஷ நிரல் புகுந்த விவகாரம் நடந்ததே, நினைவிருக்கிறதா? கிட் களஞ்சியத்தில் இருந்த மூலம் ஒன்று, வெளியீட்டு டார் கோப்பில் இருந்த கட்டுமான ஸ்கிரிப்ட் வேறு. சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் பைனரிக்குள் விஷத்தை ஒளித்து வைத்திருந்தார்கள். டெபியனின் சோதனைப் பதிப்பான டெஸ்டிங் வரை வந்துவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாத பெட்டியைப் பார்த்தால் எனக்குப் பயம் வருவது அதனால்தான்.

செக்காலை_லேப்:
அதே உதாரணத்தைத்தான் நானும் சொல்ல வந்தேன். எக்ஸ்இசட்டை டெபியன் மூலத்திலிருந்துதான் கட்டியது. இணையம் இல்லாமல்தான் கட்டியது. எல்லா விதியும் பின்பற்றப்பட்டது. அப்படியும் உள்ளே வந்துவிட்டதே! கடைசியில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் அரை வினாடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டி எடுத்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். அவர் வேலை பார்ப்பது மைக்ரோசாஃப்டில். விதி காப்பாற்றவில்லை அண்ணே, ஒரு மனிதரின் கவனம் காப்பாற்றியது.

தேவகோட்டை_ரஸ்தா:
அவர் தோண்டினாரே, தோண்டுவதற்கு அங்கே மூலம் இருந்தது. டார் கோப்பையும் கிட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது. வெறும் பைனரி மட்டும் கையில் இருந்திருந்தால் அரை வினாடித் தாமதம் வெறும் தாமதமாகவே போயிருக்கும்.

ஆத்தங்குடி_அச்சு:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் ஆத்தங்குடிக் கல் போடுகிற தொழில். நான் லினக்ஸ் பக்கம் வந்தவன், அப்பா இன்னும் பட்டறையில்.

போன மாதம் கானாடுகாத்தானிலிருந்து ஒருவர் உடைந்த கல் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். தாத்தா காலத்து வீடு, முகப்பில் ஒரே ஒரு கல் விரிந்துவிட்டது. அப்பா அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார், விரலால் மணலைச் சுரண்டினார், பரணிலிருந்து பழைய இரும்பு அச்சு ஒன்றை எடுத்தார். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து அறை அறையாக வண்ணக் கலவையை ஊற்றினார். அச்சைத் தூக்கிவிட்டு மேலே காய்ந்த மணலும் சிமெண்டும் தூவினார், அப்புறம் ஈரக் கலவை போட்டுச் சமன் செய்தார். தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறியபின் கல் தயார். கண்ணாடி பட்ட முகம் தானாகவே பளபளக்கும். அந்த வீட்டில் கொண்டுபோய்ப் பதித்தபோது எது புதுசு என்று கண்டுபிடிக்கக் கொஞ்சம் தேட வேண்டியிருந்தது.

அதே வீட்டின் சுவரில் கப்பலில் வந்த ஜப்பான் ஓடுகள் இருக்கின்றன. கொள்ளை அழகு. அதில் இரண்டு எப்போதோ பெயர்ந்து விழுந்துவிட்டன. அந்த இடத்தில் வெறும் சிமெண்டைப் பூசி வைத்திருக்கிறார்கள். வேறு வழியில்லை, அச்சு இங்கே இல்லை.

ரஸ்தா அண்ணன் கேட்பது அந்த அச்சைத்தான் என்று நினைக்கிறேன்.

செக்காலை_லேப்:
அச்சு, நல்லாச் சொன்னாய், ஆனால் அதே வீட்டின் முகப்புத் தூணையும் பார். பர்மா தேக்கு. இங்கே விளைந்ததா? கப்பலில் வந்த மரத்தை நம் ஆசாரிகள் அறுத்து இழைத்து நிறுத்தினார்கள். முதல் மரம் வெளியிலிருந்து வருவதில் குற்றமில்லை. சி ஷார்ப் கம்பைலர் சி ஷார்ப்பிலேயே எழுதப்பட்டது, அதனால் முதலில் ஒரு பைனரி வேண்டும் என்பீர்கள். ரஸ்ட் கம்பைலரும் அப்படித்தான், ஜிசிசியும் அப்படித்தான். அவையெல்லாம் மெயினில் இருக்கின்றனவே?

உபுண்டு 2022 ஆகஸ்டில் 22.04க்குள் டாட்நெட் 6ஐத் தன் களஞ்சியத்திலேயே கட்டிச் சேர்த்தது. ஃபெடோராவும் ஆல்பைனும் மூலத்திலிருந்து கட்டுகின்றன. மற்றவர்களால் முடிந்தது நமக்கு முடியாதா?

தேவகோட்டை_ரஸ்தா:
இது சரியான கேள்வி. ஒத்துக்கொள்கிறேன். தொடக்கத்துக்கு ஒரு பைனரி வருவதை டெபியனும் ஏற்கிறது, அடுத்த கட்டுமானத்திலிருந்து அது தன்னைத்தானே கட்டிக்கொள்ள வேண்டும். அப்படியானால் உன் வேலை பவர்ஷெல்லில் தொடங்கக்கூடாது, டாட்நெட்டில் தொடங்க வேண்டும். தூணை நிறுத்தாமல் ஓடு வேய முடியாது.

டாட்நெட் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள். அப்புறம் காலக்கணக்கு இடிக்கிறது. பவர்ஷெல் 7.4 நிற்பது டாட்நெட் 8இன் மேல். அது 2023 நவம்பரில் வந்தது. நீண்ட கால ஆதரவு என்று சொல்லப்படுகிற பதிப்புக்கே 3 ஆண்டுதான், 2026 நவம்பரோடு முடிகிறது. டெபியன் 13 வந்தது 2025 ஆகஸ்டில். அதற்கு 3 ஆண்டு முழு ஆதரவு, அதன்பின் எல்டிஎஸ் என்ற நீட்டித்த ஆதரவு 2 ஆண்டு. டெபியன் 13இல் டாட்நெட் 8ஐப் போட்டிருந்தால், வெளியாகி 15 மாதத்தில் மேலே இருப்பவர்கள் கையை எடுத்துவிடுவார்கள். மிச்சக் காலத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைப் பழைய பதிப்புக்குப் பொருத்தி எழுதப்போவது யார்? நீயா, நானா? அவ்வளவு பெரிய ரன்டைமுக்கு? இரவில் இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது தம்பி. பேக்கேஜ் கட்டுவது ஒரு வாரம். அதைப் பராமரிப்பது 5 ஆண்டு.

பள்ளத்தூர்_ஆச்சி:
இந்தக் கணக்கு எனக்கு உறைத்தது. இதுவரை தம்பி பக்கம்தான் இருந்தேன். மெயின் விஷயத்தில் இப்போது ரஸ்தா சொல்வதுதான் சரி.

ஆனால் ஷெல் என்பதால் இன்னொன்றையும் பேச வேண்டும். சாதாரண நிரல் உடைந்தால் அந்த வேலை மட்டும் நிற்கும். ஷெல் உடைந்தால் ஆளே உள்ளே வர முடியாது. செக்காலை, நிறுவும்போது, உள்நுழைவு ஷெல்களின் பட்டியலான /ஈடிசி/ஷெல்ஸில் சேர்க்கிறாயா? நீக்கும்போது எடுக்கிறாயா?

செக்காலை_லேப்:
ஆச்சி, அதில் ஏற்கெனவே பட்டுவிட்டேன். ஒரு பையன் ஆர்வத்தில் தன் உள்நுழைவு ஷெல்லையே பவர்ஷெல்லாக மாற்றிக்கொண்டான். நான் அது தெரியாமல், புதுப் பதிப்பு போடலாம் என்று 40 கணினியிலும் பேக்கேஜை நீக்கினேன். மறுநாள் காலை அக மதிப்பீட்டுத் தேர்வு. கடவுச்சொல்லை அடிக்கிறான், திரை கறுத்து மறுபடி அதே உள்நுழைவுப் பக்கம் வருகிறது. கடவுச்சொல் மறந்துவிட்டதென்று பயந்து அழுதே விட்டான். ரூட்டில் போய் அவன் கணக்கின் ஷெல்லைப் பாஷுக்கு மாற்றியபின்தான் திறந்தது. 20 நிமிடம் போச்சு. தப்பு என்னுடையது. நீக்குவதற்கு முன் யார் யார் அதை உள்நுழைவு ஷெல்லாக வைத்திருக்கிறார்கள் என்று பார்த்திருக்க வேண்டும். இப்போது என் பேக்கேஜில் நீக்கும் ஸ்கிரிப்ட் முதலில் அதைத்தான் பார்க்கிறது. யாராவது இருந்தால் பெயரைக் காட்டி நின்றுவிடும்.

பள்ளத்தூர்_ஆச்சி:
நல்லது. டெலிமெட்ரியும் இருக்கிறது. பவர்ஷெல் தொடங்கும்போது பயன்பாட்டுத் தகவல் அனுப்பும் வசதி இயல்பாகவே திறந்திருக்கும். பவர்ஷெல்_டெலிமெட்ரி_ஆப்ட்அவுட் என்ற சூழல் மாறியை வைத்தால் நின்றுவிடும். பிள்ளைகள் உட்காரும் கணினி. அதை நீ மூடிக் கொடு, வேண்டும் என்கிறவர் திறந்துகொள்ளட்டும். அப்புறம் கோப்புகளை /ஆப்டில் விடாதே, டெபியன் பேக்கேஜுக்கு அது இடமில்லை, பேக்கேஜைச் சோதிக்கும் லின்டியன் கத்தும்.

செக்காலை_லேப்:
கத்தியது ஆச்சி. /யூஎஸ்ஆர்/லிப் கீழே மாற்றிவிட்டேன். டெலிமெட்ரியை இன்றைக்கே மூடுகிறேன்.

இரண்டு நாள் யோசித்தேன். மெயினுக்கு அனுப்பும் திட்டத்தை விட்டுவிடுகிறேன். பிள்ளைகளுக்கு இந்தப் பருவத்தில் பவர்ஷெல் வேண்டும், அதை என்னால் நிறுத்த முடியாது. அதனால் லேபுக்குள் மட்டும் ஒரு களஞ்சியம் வைத்து, 70 எம்பியை ஒரு தடவை இறக்கி, 40 கணினிக்கும் அங்கிருந்தே கொடுக்கிறேன். பேக்கேஜின் விளக்கத்திலேயே "மூலத்திலிருந்து கட்டப்படவில்லை" என்று எழுதிவிட்டேன்.

தேவகோட்டை_ரஸ்தா:
அந்த வரியை எழுதினாயே, அதற்காகவே உன்னோடு வேலை செய்வேன். ஆனாலும் பிள்ளைகளுக்குப் பாஷும், அதைவிடச் சின்ன ஷெல்லான டேஷும் முதலில் சொல்லிக்கொடு. உபுண்டு 2006இல், ஸ்கிரிப்டுகளை இயல்பாக ஓட்டும் /பின்/எஸ்ஹெச்சை டேஷுக்கு மாற்றியபோது எத்தனை ஸ்கிரிப்ட் உடைந்தது என்பதைச் சேர்த்துச் சொல். எது பாஷுக்கு மட்டும் உரியது, எது எல்லா ஷெல்லுக்கும் பொது என்று தெரியாமல் பவர்ஷெல்லுக்குத் தாவினால் அடித்தளம் ஆடும்.

செக்காலை_லேப்:
அதில் நான் உடன்படவில்லை அண்ணே. எந்த வாசல் வழியாக வந்தாலும் வீட்டுக்குள்தான் வருவார்கள். அது தனி விவாதம், தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

ஒரு செய்தி. டாட்நெட் முழுவதும் மலை மாதிரி இருப்பதால் அடிவாரத்தில் தொடங்கினேன். பவர்ஷெல்லுக்குள் லிப்பிஎஸ்எல்-நேட்டிவ் என்று ஒரு சின்ன நூலகம் இருக்கிறது. சியும் சி++உம்தான், டாட்நெட் வேண்டாம். லினக்ஸில் கோப்பு அனுமதி, பயனர் விவரம் எல்லாம் கேட்பதற்குப் பவர்ஷெல் இதைத்தான் அழைக்கிறது. அதன் மூலம் தனிக் களஞ்சியத்தில் இருக்கிறது. சீமேக் என்ற கட்டுமானக் கருவி வைத்து, இணையத்தைத் துண்டித்த சுத்தமான சூழலில் நேற்று ராத்திரி கட்டினேன். கட்டி முடிந்துவிட்டது. சோதனைகளுக்குக் கூகுள்டெஸ்ட் தேவை, அது டெபியனிலேயே இருக்கிறது.

ஆத்தங்குடி_அச்சு:
ஒரு கல்லுக்கு அச்சு கிடைத்துவிட்டது!

தேவகோட்டை_ரஸ்தா:
பெயரைக் கவனி. லிப்பிஎஸ்எல் என்று டெபியனில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, டொமைன் பெயர்களின் பொதுப் பின்னொட்டுப் பட்டியலைப் பார்க்கிற நூலகம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. தேடுகிறவர்கள் குழம்புவார்கள்.

செக்காலை_லேப்:
பவர்ஷெல்லின் சொந்தக் கோப்பகத்துக்குள் வைத்துவிட்டால் மோதாது. பேக்கேஜ் பெயரில் பவர்ஷெல் என்று முன்னால் சேர்த்துவிடுகிறேன்.

பள்ளத்தூர்_ஆச்சி:
மூலப் பேக்கேஜை எனக்கு அனுப்பு தம்பி. என்னிடம் ஏஆர்எம்64 வகைச் செயலி உள்ள பலகை ஒன்று சும்மா கிடக்கிறது. ராத்திரி அதில் கட்டிச் சோதனைகளை ஓட்டிவிட்டு, எது விழுந்தாலும் பதிவை இங்கேயே ஒட்டுகிறேன்.