கல்கெரேயில் 20க்கு 30 சைட்: கட்டட அனுபவமே இல்லாமல் நாங்களே வீடு கட்டலாமா?

கல்கெரேக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூரு ராமமூர்த்தி நகர் தாண்டி கல்கெரேயில அப்பா வாங்கிப்போட்ட 20க்கு 30 அடி சைட் ஒண்ணு சும்மா கிடக்கு. இ-காத்தா (கார்ப்பரேஷனோட ஆன்லைன் சொத்துப் பதிவு) கையில இருக்கு, முறையான சைட்டுக்குத் தர்ற ஏ காத்தாதான். ஒரு ஹால், ஒரு ரூம், கிச்சன், பாத்ரூம் போதும். நானும் அம்மாவும் மட்டும்தான் இருக்கப்போறோம். தம்பி கல்யாணத்துக்கு அப்புறம் மேல ஒரு மாடி எடுப்பான்னு வீட்டுல பேச்சு, இப்போதைக்கு இல்லை.

மெட்டீரியலோட கட்டித்தர்றவங்க சொல்ற ரேட் எங்களுக்குக் கட்டுப்படி ஆகலை. நான் ஸ்கூல்ல கணக்கு டீச்சர், தம்பிக்கு ஷிஃப்ட் வேலை. ரெண்டு பேரும் சுவத்துல ஆணி அடிக்கவே ஆள் கூப்பிடற ரகம். யூடியூப்ல ஒருத்தர் தனியாளா வீடு கட்டி முடிக்கிற வீடியோவைப் பார்த்ததிலேர்ந்து தம்பி, "அக்கா, நாமளே கல்லு வெச்சுடலாம்"னு குதிக்கிறான். நடக்கற காரியமா இது? எதை நாங்க செய்யலாம், எதைத் தொடவே கூடாது? இடது பக்கம் எல்லையை ஒட்டியே மூணு மாடி வீடு. பின்னாடி ஏரிப் பக்கம்.

ஓட்டைச் சட்டி எழுதியது:

யூடியூப்காரன் காட்டுல கட்டறான். அவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் கிடையாது, கார்ப்பரேஷன் கிடையாது. பேசாம கான்ட்ராக்ட் கொடுத்துட்டு நிம்மதியா தூங்குங்க மேடம்.

ரிட்டையர்டு டர்னர் எழுதியது:

பக்கத்து வீடு பத்தி மேல சொன்னவர் சொன்னது நூத்துக்கு நூறு. கான்ட்ராக்ட் கொடுத்தா தூங்கலாம்னாரே, அதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன்.

நான் தூரவாணி நகர் ஐ.டி.ஐ. டெலிபோன் ஃபாக்டரியில கடைசல் பிடிக்கற டர்னரா இருந்தவன். ரிட்டையர் ஆனதும் ஹொரமாவுல எங்க வீட்டை லேபர் கான்ட்ராக்ட்ல (பொருள் நாம வாங்கித் தரணும், கூலி மட்டும் பேசறது) விட்டு, கூட நின்னு கட்டினேன். அப்புறம் மச்சினன் வீட்டுக்கும் நின்னேன். எனக்குக் கரண்டி பிடிக்கத் தெரியாது, இன்னிக்கும் தெரியாது. அளக்கத் தெரியும், அவ்வளவுதான். வீட்டுக்காரங்க கத்துக்க வேண்டியது கல்லு வைக்கிறது இல்லைம்மா. மண்ணோ கான்கிரீட்டோ பூச்சோ மூடிட்டா அப்புறம் கண்ணுக்குத் தெரியாமப் போற சமாசாரம் சிலது இருக்கு. மூடறதுக்கு முன்னாடி அதைப் பார்த்துடணும். ஸ்கூலுக்குப் போயிட்டே செய்யலாம். பார்க்க வேண்டிய நாளுங்க கைவிட்டு எண்ணக்கூடியதுதான், அன்னிக்கு மட்டும் லீவு போட்டுடுங்க.

நீங்க போகிறபோக்குல "ஏரிப் பக்கம்"னு எழுதிட்டீங்க. எனக்கு உங்க பதிவுலேயே பெரிய சேதி அதுதான். அந்தப் பக்கம் பள்ளத்துல மண்ணு கொட்டி சைட் போட்ட இடம் நிறைய. முதல் வேலையா ரெண்டு மூலையில ஆள் உயரத்துக்குக் குழி வெட்டிப் பாருங்க. பிளாஸ்டிக் கவர், உடைஞ்ச டைல்ஸ், கறுப்புக் களி வந்தா அது கொட்டின மண்ணோ ஏரி வண்டலோதான். அது மேல வீடு நிக்காது. அதுக்குக் கீழ கெட்டியான பூர்வீக மண்ணு வர்ற வரைக்கும் போகணும். எவ்வளவு ஆழம், சைஸ் கல் (செதுக்கின கருங்கல்) அஸ்திவாரமா, இல்லை ஃபுட்டிங்னு அடியில கான்கிரீட் பாதம் போட்டு அது மேல காலம், அதாவது தூண், நிறுத்தறதான்னு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் குழியில இறங்கிப் பார்த்துச் சொல்லட்டும். எங்க ஏரியாவுல எல்லாரும் காலம் போடறாங்கன்னு மேஸ்திரி சொல்றது காரணமாகாது.

இடது பக்கத்து மூணு மாடி வீட்டை ஒட்டி, அவங்க அஸ்திவாரத்துக்கும் கீழ போற குழியை நீளத்துக்கும் ஒரே மூச்சுல வெட்ட விடாதீங்க. கொஞ்ச நீளம் வெட்டி, கட்டி, நிரப்பி, அப்புறம் அடுத்த துண்டு. மழைக்காலத்துல அந்தப் பக்கம் கையே வைக்காதீங்க. ஜே.சி.பி.காரன் அரை நாள்ல முடிச்சுத் தர்றேம்பான், வேண்டாம்.

தம்பி மாடி எடுக்கறது பத்து வருஷம் கழிச்சோ என்னவோ, இன்ஜினியர்கிட்ட இன்னிக்கே சொல்லிடணும். ஃபுட்டிங்கும் காலமும் அதுக்குத் தகுந்த மாதிரி இப்பவே வந்தாகணும். 2024 அக்டோபர் மழையில, நமக்கு ரொம்பத் தூரமில்லை, பாபுசாபாளையாவுல கட்டிக்கிட்டு இருந்த கட்டடம் அப்படியே உட்கார்ந்து ஆளுங்க செத்தாங்களே, அது அனுமதிக்கு மேல மாடி ஏத்தின கட்டடம்.

பிளான் அனுமதியைப் பத்திப் பெரிசா பயப்பட வேண்டியதில்லை. ஏ காத்தா இருக்கு, சின்ன சைட், "நம்பிக்கெ நக்ஷெ"ங்கற கார்ப்பரேஷன் பிளான் அனுமதித் திட்டத்து வழியில பதிவு பெற்ற இன்ஜினியரே போட்டுத் தருவார். அந்த இன்ஜினியருக்குக் கொடுக்கற பணத்துல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. வரைஞ்சு கொடுத்துட்டுப் போறதோட விடாம, கம்பி கட்டினப்புறம் கான்கிரீட்டுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் வந்து பார்க்கணும்னு பேசி வெச்சுக்குங்க.

இப்போ கம்பிக்கு வர்றேன். கணக்கு டீச்சருக்கு இது பிடிக்கும். கம்பியோட விட்டத்தை மில்லிமீட்டர்ல எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162ஆல வகுங்க. ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வந்துடும். 8 எம்.எம்.னா 395 கிராம், 12 எம்.எம்.னா 890 கிராமுக்குக் கிட்ட. வந்து இறங்கின கம்பியில சரியா ஒரு மீட்டர் துண்டு வெட்டி, காய்கறிக் கடை எலக்ட்ரானிக் தராசுல வையுங்க. 8 எம்.எம்.முக்கு நூத்துக்கு ஏழு வரைக்கும் முன்னே பின்னே இருக்கலாம்னு இந்தியத் தர விதி ஐ.எஸ். 1786 விடுது. 340 கிராம் காட்டினா லோடைத் திருப்பி அனுப்பலாம். வெர்னியர் வெச்சு அளக்கப் போகாதீங்க (நான் டர்னர், முதல்ல கை அதுக்குத்தான் போகும்). டி.எம்.டி. கம்பியில மேல வரி வரியா இருக்கறதால அளவு ஏமாத்தும், எடை ஏமாத்தாது. "கிலோ கணக்குலதானே வாங்கறோம், எடை குறைஞ்சா நமக்கென்ன நஷ்டம்"னு கேக்கலாம். டிராயிங்ல இருக்கறது கம்பி எண்ணிக்கையும் இடைவெளியும். ஒல்லிக் கம்பி அதே எண்ணிக்கையில போச்சுன்னா ஸ்லாபுல (கூரைக் கான்கிரீட்டுல) இரும்பு குறையும், மேல நிக்கறவங்க யாருக்கும் அது தெரியாது.

கம்பி கட்டி முடிஞ்சதும் டேப் எடுத்துக்கிட்டு ஏறுங்க. கீழ்க் கம்பிக்கும் பலகைக்கும் நடுவுல கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி வைக்கிற சின்ன கான்கிரீட் கட்டை) இருக்கான்னு குனிஞ்சு பாருங்க. ஸ்லாபுக்கு 20 எம்.எம்., ஃபுட்டிங்குக்கு 50. கல்லு சில்லை வெச்சு ஒப்பேத்தியிருந்தா எடுக்கச் சொல்லுங்க. ஃபேன் பாக்ஸ், ஒயரிங் பைப் எல்லாம் அன்னிக்கே உள்ள இருக்கணும், அப்புறம் கான்கிரீட்டைக் கொத்த முடியாது.

கான்கிரீட் அன்னிக்கு என் சண்டையெல்லாம் தண்ணியோடதான், தண்ணி கூடினா பலம் குறையும். எம்20ங்கற கான்கிரீட் ரகத்துக்கு சிமென்ட் 1, எம்.சாண்ட் ஒண்ணரை, ஜல்லி 3. ஐ.எஸ். 456 கணக்குப்படி 50 கிலோ மூட்டைக்கு 27 லிட்டருக்கு மேல தண்ணி போகக்கூடாது. மணல் ஈரமா இருந்தா இன்னும் குறையணும். மிக்சர் வாய்ல ஹோஸ் பைப்பை விட்டுட்டு பீடி பத்த வைக்கிற ஆள்கிட்ட இந்தக் கணக்கெல்லாம் எடுபடாது. கோடு போட்ட வாளி கொடுத்துடுங்க.

அப்புறம் போட்ட கான்கிரீட்டை நனைக்கிறது. ஓ.பி.சி.ன்னா (சாதாரண சிமென்ட்) குறைஞ்சது 7 நாள், பி.பி.சி.ன்னா (சாம்பல் கலந்த சிமென்ட்) 10 நாள். இதுதான் உங்க வேலை, தம்பி வேலை, அம்மா வேலை. இதை யாருக்கும் காசு கொடுத்து விடாதீங்க. பாத்ரூம் வாட்டர் புரூஃபிங் ஆனதும் டைல்ஸுக்கு முன்னாடி தண்ணி கட்டி, மட்டத்துல சாக்பீஸ் கோடு போட்டு ரெண்டு நாள் விட்டுப் பாருங்க.

தம்பிக்குக் கல்லு வைக்கிற ஆசை இருந்தா காம்பவுண்டு சுவர்ல வைக்கட்டும். வீட்டுச் சுவர் வேண்டாம். பெயின்ட் முழுக்க நீங்களே அடிக்கலாம்.

மேஸ்திரி மகள் எழுதியது:

அக்கா, டர்னர் சார் சொன்ன அளவெல்லாம் சரி. ஆனா கான்கிரீட் நேரத்துல வாளியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா எங்கப்பாவே சண்டைக்கு வருவார்! அப்பா தர்மபுரிப் பக்கத்துலேர்ந்து வந்து இங்க கொத்தனாரா இருந்து மேஸ்திரி ஆனவர். நானும் லீவு நாள்ல ஜல்லி சுமந்திருக்கேன். ஆளுங்க தண்ணி ஊத்தறது ஏமாத்தறதுக்கு இல்லை. கலவை விறைப்பா இருந்தா தள்ள முடியாது, சாயங்காலம் இடுப்பு விட்டுப் போயிடும். தண்ணியைக் குறைக்கச் சொல்றவங்க வைப்ரேட்டர் (கலவையை அதிர வெச்சு இறுக்கற மெஷின்) வாடகைக்கு எடுத்துத் தரணும், பிளாஸ்டிசைசர் (தண்ணி கூட்டாமலே கலவையை இளக்கற மருந்து) வாங்கித் தரணும், ரெண்டு ஆள் கூடப் போடணும். அதை முந்தின நாளே மேஸ்திரிகிட்ட பேசிடுங்க. சித்தாள் முன்னாடி மேஸ்திரியைத் திட்டினா வேலை அன்னியோட போச்சு.

லேபர் கான்ட்ராக்ட்ல சண்டை வர்ற இடம் எப்பவும் அளவுதான். சதுரத்துக்கு (நூறு சதுர அடிக்கு) இவ்வளவுன்னு பேசுவாங்க. சம்ப் (தரைக்கடியில கட்டற தண்ணித் தொட்டி), மாடிப்படி, சன்ஷேட், காம்பவுண்டு அந்தச் சதுரத்துல சேருமா, தனியான்னு பேசியிருக்க மாட்டாங்க. மிக்சர் வாடகை யாரோடது, சாரம் யாரோடது, சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகற வரைக்கும் தாங்கற பலகையும் முட்டும்) யாரோடது? எல்லாத்தையும் பேப்பர்ல எழுதிக் கையெழுத்து வாங்குங்க. பணத்தை பேஸ்மென்ட் (தரை மட்டம்), லின்டல் (கதவு ஜன்னலோட மேல் மட்டம்), ரூஃப், பூச்சுன்னு கட்டம் கட்டமா பிரிச்சு வெச்சுட்டு, வாரச் செலவுக்கு சனிக்கிழமை பட்டுவாடாவைத் தவறாமக் கொடுத்துடுங்க. சனிக்கிழமை காசு வராத சைட்டுக்குத் திங்கட்கிழமை ஆள் வராது.

சென்ட்ரிங்காரர் சீக்கிரம் பிரிக்கக் கேப்பார், அவருக்கு அந்தப் பலகையும் முட்டும் அடுத்த சைட்டுக்கு வேணும். ஸ்லாபு முட்டு எத்தனை நாள், பீம் முட்டு எத்தனை நாள்னு வாடகை பேசும்போதே முடிவு பண்ணிடுங்க. அப்புறம், சைட்டுல ஒரு தற்காலிக டாய்லெட் போடுங்க அக்கா. சித்தாளுங்க பாதி பேர் பொம்பளைங்க. இதை யாரும் எஸ்டிமேட்டுல போடறதே இல்லை.

கல்கெரேக்காரி எழுதியது:

ரொம்ப நன்றி சார், நன்றிம்மா. டாய்லெட் நிஜமாவே எங்க லிஸ்ட்டுல இல்லை. இப்போ சேர்த்தாச்சு.

இன்னும் மூணு சந்தேகம். அம்மாவுக்கு முன்பக்கம் மூணடி நீட்டி ஒரு சன்ஷேட் வேணுமாம், கீழே உட்கார்ந்து காய் நறுக்க. முட்டு எத்தனை நாள்னு சார் ஒரு நம்பர் சொன்னா பேப்பர்ல எழுதிடுவேன். சம்ப் கடைசியில கட்டினா போதும்னு ஒரு மேஸ்திரி சொல்றார், சரியா? மண் பிளாக் (மண்ணை அழுத்திச் செய்யற கல்லு) வெச்சுக் கட்டலாம்னு தம்பி புதுசா ஆரம்பிச்சிருக்கான், அதையும் கேட்டுடறேன்.

ரிட்டையர்டு டர்னர் எழுதியது:

மேஸ்திரி பொண்ணு சொன்ன வைப்ரேட்டரும் கூடுதல் ஆளும் நான் சொன்னதோட சேர்த்துப் படிக்க வேண்டியது. சரியான பேச்சு.

முட்டுக்கு ஐ.எஸ். 456 சொல்றது: ரெண்டு சுவருக்கு நடுவுல நாலரை மீட்டர் வரைக்கும் உள்ள ஸ்லாபுக்கு 7 நாள், அதுக்கு மேலன்னா 14. பீம் 6 மீட்டர் வரைக்கும் 14, அதுக்கு மேல 21. இது ஓ.பி.சி.க்கு. பி.பி.சி. போட்டா இன்னும் சில நாள் விடுங்க. நான் ஸ்லாபுக்கே 14ன்னுதான் எழுதுவேன், வாடகை கொஞ்சம் கூடப் போனாலும் சரி.

நீட்டற சன்ஷேடுல மெயின் கம்பி மேல் பக்கம் வரணும். ரூம் ஸ்லாபுல கீழ இருக்கறதைப் பார்த்துப் பழகின கையி இங்கேயும் கீழேயே வெச்சுடும். சரியா மேல கட்டியிருந்தாலும், கான்கிரீட் கொட்டறவங்க அது மேலேயே நடந்து மிதிச்சுக் கீழ தள்ளிடுவாங்க. அந்தக் கம்பியை நாற்காலிக் கம்பி வெச்சுத் தூக்கி நிறுத்தணும், நடக்கறதுக்குத் தனியா பலகை போடணும். அந்தக் கம்பி உள் பக்கம் ஸ்லாபுக்குள்ள எவ்வளவு தூரம் போகணும்னு டிராயிங்ல பார்த்து அளங்க. மேல சுவரோ ஸ்லாபோ பாரமா உட்கார்ற வரைக்கும் அந்த முட்டை மட்டும் பிரிக்க விடாதீங்க. அம்மா கீழ உட்காரப் போறாங்க.

மண் பிளாக் நல்ல சரக்குதான். இங்க இண்டியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் சயின்ஸ்ல 1970கள்லேர்ந்து அதுல வேலை நடந்திருக்கு. ஆனா சைட்டுலேயே பிளாக் அடிச்சு, அடுக்கி, நனைச்சு வைக்கிறதுக்கு 20க்கு 30ல இடம் எங்க? அடிச்சு வெச்சதை வெளியில வாங்கறதா இருந்தா இன்ஜினியர்கிட்ட சொல்லிட்டு வாங்குங்க. அதுலேயே பழகின கொத்தனாரும் வேணும்.

சம்ப் கடைசின்னு சொன்ன மேஸ்திரியை விட்டுடுங்க. பேஸ்மென்ட் வேலையோடவே சம்ப் கட்டிட்டா வேலை முடியற வரைக்கும் தண்ணி சேர்த்து வைக்க அதுதான் தொட்டி. 6 அடிக்கு 6 அடி, 6 அடி ஆழம்னா 6,000 லிட்டர் பிடிக்கும், ஒரு டேங்கர் லோடு. 2024 மார்ச்சுல தண்ணிப் பஞ்சம் வந்தப்போ குடிதண்ணியைக் கட்டட வேலைக்கு எடுக்கக்கூடாதுன்னு பெங்களூரு குடிநீர் வாரியம் (பி.டபிள்யூ.எஸ்.எஸ்.பி.) தடையே போட்டது, அதனால வெயில் காலத்துல ஸ்லாபு போடற மாதிரி திட்டம் வெச்சுக்காதீங்க. ஆழ்துளைத் தண்ணின்னா ஒரு தடவை லேப்ல கொடுத்து குளோரைடு பார்த்துடுங்க, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல ஆகாது.

சம்புக்கு மேல் ஸ்லாபு போட்டு மூடின பிறகு உள்ள இருக்கற பலகையைப் பிரிக்க ஒரு ஆள் அந்த ஓட்டை வழியா இறங்குவார். நாள் கணக்குல மூடியே கிடந்த தொட்டியில மூச்சு விடக் காத்து இருக்காது. இறங்கின ஆளும், அவரைத் தூக்க இறங்கின அடுத்த ஆளும் சேர்ந்து செத்த சேதி நம்ம ஊர்ப் பேப்பர்லேயே வந்திருக்கு. முந்தின நாளே மூடியைத் திறந்து போட்டு, ஃபேனோ புளோயரோ வெச்சு உள்ள காத்து அடிச்சு, இறங்கறவர் இடுப்புல கயிறு கட்டி, மேல ரெண்டு பேர் நிக்கணும். அன்னிக்கும் லீவு போடுங்க.