புதுப்பிப்பு: கொரோனாவுக்குப் பின் அண்ணனின் மறதி

கொரோனா குணமான பிறகும் அண்ணனுக்கு மறதியும் எரிச்சலும் விடவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். குலசேகரத்தில் ரப்பர் ஷீட் எடைபோடுகிறவர். தராசில் பார்த்த எடையை நோட்டில் எழுதுவதற்குள் மறந்துவிடுவார். கேட்டால் கண் கலங்கிவிடும்.

நாகர்கோவிலில் மருத்துவரைப் பார்த்தோம். தைராய்டு, பி12, சர்க்கரை எல்லாம் சரியாகவே இருக்கின்றன. வேறு காரணமின்றிக் குறைந்தது 2 மாதங்கள் நீடிக்கும் களைப்பு, சிந்தனைத் தடுமாற்றம் போன்றவற்றைக் கொரோனாவுக்குப் பிந்தைய நோய்நிலை என்று உலக சுகாதார நிறுவனம் 2021-லேயே வரையறுத்திருக்கிறது. சோம்பேறித்தனம் என்று பேசிய உறவினர்களிடம் இதைத்தான் சொன்னேன். எவ்வளவு நோகடித்துவிட்டார்கள் அவரை!

மனச்சோர்வுக்கும் சிகிச்சை நடக்கிறது. களைப்பு வருமுன்பே ஓய்வு எடுக்கிறார். ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டி உறைந்த ரப்பர் பால்) கணக்கை இப்போது தானே பார்க்கிறார். ஷீட் கணக்கு இன்னும் மதினி கையில்தான்.