13, 14 வயசுப் பிள்ளைகளுக்கு வறுமை ஒழிப்பைப் பற்றி எப்படிச் சொல்லித்தருவது?

வானம்பாடி:
வணக்கம். 8, 9-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு வகுப்பு எடுக்கிறேன். இந்தப் பருவத்துக்கு 'வறுமையை நிலையாகக் குறைக்கும் வழிகள்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். முதல் நாள் சும்மா கருத்துக் கேட்டுப் பார்த்தேன், வந்த பதில்கள் இரண்டே வகை. பழைய துணி, நோட்டுப் புத்தகம் சேர்த்துக் கொடுக்கலாம் என்பது ஒன்று, அவர்கள் இன்னும் கஷ்டப்பட்டு உழைத்தால் தானாக முன்னுக்கு வந்துவிடுவார்கள் என்பது இன்னொன்று. அந்த இரண்டாவதைச் சொன்ன பையன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, வீட்டில் காதில் விழுந்ததைச் சொல்கிறான். ஐ.நா.வின் 17 நிலையான வளர்ச்சி இலக்குகள் இருக்கும் அந்தக் கலர் சுவரொட்டியைக் காட்டினேன், கொட்டாவிதான் மிச்சம். இந்த வயசுக்குப் பிடிக்கிற மாதிரி, அதே சமயம் விஷயத்தை நீர்த்துப்போக விடாமல் எப்படிக் கொண்டுபோவது? நன்கொடை திரட்டும் யோசனை மட்டும் வேண்டாம், அது வருஷா வருஷம் நடக்கிறது.

கிணற்றடி:
சுவரொட்டியை மடித்து வையுங்கள் மேடம். தோற்றுப்போன ஒரு நல்ல யோசனையிலிருந்து ஆரம்பியுங்கள், இந்த வயசுப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் சொதப்பிய கதை என்றால் தூக்கம் கலைந்துவிடும். தென்னாப்பிரிக்காவில் 'பிளேபம்ப்' என்று ஒன்று வந்தது. பிள்ளைகள் ஏறிச் சுற்றும் ராட்டினம், அது சுற்றச் சுற்ற நிலத்தடி நீர் மேலே தொட்டிக்கு ஏறும், தொட்டியின் பக்கங்களில் விளம்பரப் பலகை, அந்த வருமானத்தில் பராமரிப்பு. இதுவரைக்கும் மட்டும் சொல்லிவிட்டு, "உங்கள் கையில் பணம் இருந்தால் கொடுப்பீர்களா?" என்று கேளுங்கள். எல்லாக் கையும் தூக்கும். 2006-ல் அமெரிக்க அரசும் அப்படித்தான் கை தூக்கியது.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரத்தில் யார் சுற்றுவது? பழுதானால் அந்த ஊரில் யாருக்குச் சரிசெய்யத் தெரியும்? யாரும் விளம்பரம் கொடுக்க முன்வராத குக்கிராமத்தில் பராமரிப்புப் பணம் எங்கிருந்து வரும்? கடைசியில் பல இடங்களில் பெண்கள்தான் மூச்சுவாங்க அதைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சொன்ன அளவு தண்ணீர் வர வேண்டுமானால் பிள்ளைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 2009-ல் கார்டியன் பத்திரிகை கணக்குப் போட்டது. வகுப்பு சிரிக்கும். இதே செலவில் சாதாரணக் கைப்பம்பு சுமார் நான்கு போட்டிருக்கலாம் என்பதையும் அப்போது சொல்லிவிடுங்கள்.

அந்த ஊர்க்காரர்களைக் கேட்டார்களா, கெட்டுப்போனால் யார் பார்ப்பது, பணம் கொடுத்தவர் போன பிறகு என்ன மிஞ்சும் என்ற கேள்விகளை அவர்களே பிடித்துக்கொள்வார்கள். பழைய துணி யோசனையையும் அவர்களே இதே கேள்விகளால் உரசிப் பார்க்கட்டும்.

பகடை:
அந்த 'இன்னும் உழைத்தால்' பையனுக்கு அறிவுரை சொல்லாதீர்கள், ஒரு விளையாட்டு வையுங்கள். வகுப்பை நாலைந்து குடும்பங்களாகப் பிரியுங்கள், எல்லாருக்கும் தினக்கூலி. பகடையில் விழுவதுதான் அந்த வார வருமானம், செலவு மட்டும் வாராவாரம் ஒரே அளவு. ஒன்று விழுந்தால் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல், வருமானமும் கிடையாது, மருந்துச் செலவு வேறு. இருப்பு தீர்ந்தால் கடன் வாங்கலாம், ஆனால் வட்டி உண்டு. இல்லாவிட்டால் தையல் இயந்திரத்தை விற்கலாம், விற்றால் அடுத்த வாரத்திலிருந்து வருமானத்தில் ஒரு புள்ளி குறையும். அதுவும் போதாவிட்டால் மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தலாம். இந்தக் கட்டம் வரும்போது வகுப்பில் சத்தம் அடங்கும், பாருங்கள். நிறுத்துவதா வேண்டாமா என்று அவர்களுக்குள்ளேயே சண்டை வரும், நீங்கள் குறுக்கே போகாதீர்கள்.

பிறகு அதே ஆட்டத்தைத் திரும்ப ஆடுங்கள், ஒரு குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு, இன்னொன்றுக்குக் கொஞ்சம் சேமிப்பு, மற்றொன்றுக்கு வட்டி குறைந்த கடன். எது தாக்குப்பிடிக்கிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். உழைப்பு எல்லாக் குடும்பத்திலும் ஒன்றுதானே, பிறகு ஏன் முடிவு வேறாகிறது என்று நீங்கள் கேட்கவே வேண்டியிருக்காது.

நடுவில் ஒன்று:
விளையாட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த வகுப்பிலேயே அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வரும் பிள்ளை இருக்கலாம் என்பதை மறந்துவிடக் கூடாது. 'அவர்கள், அவர்கள்' என்றே பேசிக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? "உங்கள் வீட்டில் எவ்வளவு செலவு" வகையறாக் கேள்வி அறவே வேண்டாம். கற்பனைக் குடும்பம் என்பதால் இந்தப் பகடை ஆட்டத்தில் அந்தச் சிக்கல் இல்லை, அதுவரைக்கும் சரி.

கிணற்றடி சொன்னதில் எனக்கு ஒரு பயம். தோல்விக் கதையோடு நிறுத்தினால், எது செய்தாலும் உருப்படாது என்ற முடிவுக்கு அவர்கள் வந்துவிடுவார்கள். வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 2002-ல் தொடங்கிய திட்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பரம ஏழைக் குடும்பத்துக்கு மாடோ ஆடோ கொடுத்து, அதை விற்றுச் சாப்பிட வேண்டிய நிலை வராமலிருக்கக் கொஞ்ச காலம் உதவித்தொகை, பயிற்சி, சேமிப்பு, வீட்டுக்கே வந்து பார்க்கும் ஒரு ஆள் என்று சுமார் 2 வருஷம் கூடவே இருப்பார்கள். இந்த மாதிரியை ஆறு நாடுகளில் சோதித்த முடிவு 2015-ல் வந்தது. திட்டம் முடிந்து ஒரு வருஷம் கழித்தும் பெரும்பாலான இடங்களில் பலன் நின்றது. ஹோண்டுராஸில் மட்டும் நிறையப் பேர் கோழி வாங்க, அவை நோயில் செத்துப்போயின. இந்தக் கோழிக் கதையை விட்டுவிடாதீர்கள்.

வானம்பாடி:
எல்லாருக்கும் நன்றி. பிராக் விஷயத்தைச் சொன்னதும் ஒரு கை கட்டாயம் தூக்கும்: "மாடு எதற்கு, பணமாகவே கொடுத்துவிடலாமே?" அடுத்த கை: "பணம் கொடுத்தால் குடித்தே அழித்துவிடுவார்கள்." இரண்டையும் எப்படிச் சமாளிப்பது?

கணக்கப்பிள்ளை:
முதல் கேள்வி கேட்கிற பிள்ளையைப் பாராட்டுங்கள், பொருளாதார அறிஞர்களே இன்னும் அடித்துக்கொள்கிற விஷயம் அது. இரண்டாவதற்குப் பதில் எளிது. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கையில் பணம் கொடுத்ததால் குடியும் புகையும் பொதுவாகக் கூடவில்லை. சின்னக் கடன் கொடுத்தால் போதும் என்றும் ஒரு பிள்ளை சொல்லும். வங்கதேசத்தில் ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுத்த கிராமீன் வங்கிக்கும் அதைத் தொடங்கிய முகமது யூனுஸுக்கும் 2006-ல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது உண்மைதான், ஆனால் பிற்பாடு பல நாடுகளில் சோதித்தபோது சிறுகடனால் வந்த பலன் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம்தான்.

தொண்டு நிறுவனங்களோடு நிறுத்திவிடவும் வேண்டாம். சீனா, வியட்நாமில் கோடிக்கணக்கானவர்கள் மேலே வந்தது விவசாயச் சீர்திருத்தம், தொழிற்சாலை வேலை என்று நாட்டளவில் நடந்த மாற்றத்தால். பணத் திட்டத்துக்கு மெக்சிகோவை எடுங்கள். அங்கே 1997-ல் அரசு தாய்மார்களின் கையில் பணம் கொடுத்தது, பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும், மருத்துவப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்பது நிபந்தனை. வகுப்பு ஏற ஏறத் தொகையும் ஏறும், நடுநிலைப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கூடுதல். ஏன் அந்த வகுப்புகளில் மட்டும் கூடுதல் என்று கேட்டுப் பாருங்கள், உங்கள் மாணவிகளின் வயசுதான் அது, பதில் அவர்களிடமிருந்தே வரும்.