கெமோனோ ஃப்ரெண்ட்ஸ்: தாட்சுகியை விலக்கியதில் தப்பு யார் மேல்?

மொட்டைமாடி:
மிருகங்கள் பெண்ணுருவில் வரும் ஜப்பானிய அனிமே தொடர் இது, 2017 ஜனவரியில் வந்தபோது முதல் எபிசோடிலேயே கழன்றுகொண்டவர்கள் எத்தனையோ பேர். விறைப்பாக நடக்கும் முப்பரிமாணப் பாத்திரங்கள், நடுவில் நிஜ மிருகக்காட்சி சாலை ஊழியர் ஒருவர் மிருகத்தைப் பற்றிப் பேசும் குரல். இதன் மொபைல் கேம்கூட முந்தின மாதமே மூடப்பட்டிருந்தது. ஆனால் குழந்தைத்தனமான கதை முடிந்ததும் பாழடைந்த கேளிக்கைப் பூங்காவின் கறுப்பு வெள்ளைப் படங்களை ஓட விட்டார் பாருங்கள் இயக்குநர் தாட்சுகி, அங்கேதான் ஆள் யாரென்று தெரிந்தது. இரோதோரி என்ற சின்னக் குழுவோடு இணையத்தில் சொந்தப் படம் போட்டுக்கொண்டிருந்தவர். தொடர் ஓகோவென்று போனது. செப்டம்பர் 25 அன்று, தான் விலக்கப்பட்டதாகவும், கடோகவா பதிப்பகத்தின் பக்கமிருந்து வந்த உத்தரவு போலிருக்கிறது என்றும் அவரே ட்விட்டரில் எழுதினார். இதற்கு மேல் என்ன விவாதம்?

கணக்குப்பிள்ளை:
அண்ணே, பாதியில் நிறுத்திவிட்டீர்கள். இரண்டு நாளில் தயாரிப்புத் தரப்பும் அறிக்கை விட்டது: தாட்சுகியோடு தொடரை எடுத்த ஸ்டூடியோ யாவோயோரோசு உரியவர்களுக்குச் சொல்லாமல் படைப்பைப் பயன்படுத்தியது, இனிமேல் சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்றோம், ஆகஸ்டில் அவர்களே விலகிக்கொள்கிறோம் என்றார்கள் என்று. ஜப்பானில் பதிப்பகம், டிவி, இசை நிறுவனம் என்று பல பேர் பணம் போட்டுக் குழுவாகத்தான் அனிமே எடுப்பார்கள், உரிமையும் அந்தக் குழுவுக்கே. யூடியூபில் நினைத்த நேரத்தில் ஏற்றுவது போல இங்கே முடியாது.

மொட்டைமாடி:
எதைப் பயன்படுத்தினார்கள் என்று அதில் இருக்கிறதா? கடைசி, 12-ஆம் எபிசோடுக்குப் பிறகு 12.1 என்று இலவசமாகப் போட்ட குட்டிப் படமாக இருக்கும் என்று ரசிகர்கள்தான் ஊகித்தார்கள். அதனால் யாருக்கு என்ன நஷ்டம், தொடருக்கு விளம்பரம்தானே கிடைத்தது?

கணக்குப்பிள்ளை:
லாபமா நஷ்டமா என்பதில்லை விஷயம். பாத்திரங்களின் வடிவம் மங்கா ஓவியர் மினே யோஷிஸாகியுடையது. அடுத்தவர் பொருளை வைத்துச் செய்யும்போது ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

பூனைக்கண்:
ரெண்டு பேரும் 2019-ஐ மறந்துவிட்டீர்களே. வேறு ஸ்டூடியோ எடுத்த இரண்டாம் சீசனும், தாட்சுகியின் சொந்தக் கதையான கெமுரிகுசாவும் ஒரே ஜனவரியில் வந்தன. இரண்டாம் சீசனின் கடைசி எபிசோடுக்கு நிகோநிகோ என்ற ஜப்பானிய வீடியோ தளத்தின் வாக்கெடுப்பில் ‘மிக நன்று’ என்றவர்கள் 2.6 சதவீதம்.

கணக்குப்பிள்ளை:
அந்த வாக்கில் பாதி கோபம் தம்பி, படத்தைப் பார்த்துப் போட்டதில்லை. பாவம், புது டீமுக்குத்தான் அடி.

மொட்டைமாடி:
கோபம் இருந்தது சரி, ஆனால் கதையும் முதல் சீசனோடு ஒட்டவில்லை. நான் முழுசாகப் பார்த்தேன், அதில் முக்கியப் பாத்திரமான செர்வல் பழைய தோழியை மறந்து நிற்பதைப் பார்க்க எரிச்சலாக வந்தது. கெமுரிகுசாவைப் பாருங்கள், முன்பு சொந்தமாக எடுத்து வைத்திருந்த குறும்படத்தையே தொடராக்கினார், கதை அவருடையது என்பதால் தொந்தரவே இல்லை.

கணக்குப்பிள்ளை:
அதைத்தானே அண்ணே நானும் சொல்கிறேன்! சொந்தக் கதை என்றால் யாரும் கேட்கப்போவதில்லை. கெமோனோ ஃப்ரெண்ட்ஸ் அவருடையது இல்லையே.